உயிருள்ளவைக்கு இமாஸ்

எங்கள் கம்பெனி பஸ்ஸில்
ஆரம்பாக்கம்தான் கடைசி ஸ்டாப்.
சீட் இருக்காது.
ஒரு கையில் கம்பி, ஒரு கையில் நோட்டு.
முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்:
ஜப்பானியத்தில் வினைச்சொல் கடைசியில் ஏறும்.
நம்மைப் போலத்தான் என்று சிரிப்பு வந்தது,
கெண்டைக்கால் வலியோடு.

செக்போஸ்ட் தாண்டியதும்
பலகைகள் உருண்டையாகிவிடும்.
ஐந்து வருடமாகத் தினம் இரண்டு முறை கடக்கிறேன்,
அந்த எழுத்தில் தடா என்பதைக்கூடப்
படிக்கத் தெரியாது.
ஆனால் ஷியையும் ட்சுவையும்,
ஒரே ஜாடையில் பல்லைக் காட்டும் அந்த இரட்டையரை,
இப்போது பிரித்துவிடுவேன்.
ஐந்தாம் நிலை தேறினால்
மாதம் ஆயிரத்து இருநூறு கூடுதல்.
தெலுங்குக்கு யாரும் அலவன்ஸ் அறிவிக்கவில்லை.

கொரே, என் கையில் இருப்பது.
அரே, இருவருக்கும் எட்டாதது.
சொரே, உன் பக்கம் இருப்பது.
ஆறாம் வகுப்பில் அ, இ, உ சுட்டெழுத்து என்று
ஒப்பித்து மதிப்பெண் வாங்கினேன்.
உ எதைச் சுட்டும் என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும்தான்.
இப்போது
சிரீஷாவின் மடியில் இருக்கும் டிபன் பாக்ஸ்:
உது.
சொல்லிப் பார்த்தேன்.
ஏதோ கடன் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

புதன்கிழமை ஷிப்டு முடிந்து
கேன்டீன் மூலையில் வகுப்பு.
மொரிவாகி சான் மீசை முளைக்காத இன்ஜினியர்,
எங்களைவிட அவருக்குத்தான் பயம்.
உயிருள்ளது இருந்தால் இமாஸ்.
உயிரில்லாதது இருந்தால் அரிமாஸ்.
நாய், இமாஸ். நாற்காலி, அரிமாஸ்.
கம்ப்ரசர், அரிமாஸ்.
ஆபரேட்டர்?
இமாஸ், என்றோம்,
ஏழு பேரும், கொஞ்சம் சத்தமாக.

அன்று பஸ் போய்விட்டது.
ஷேர் ஆட்டோவில் என் காலடியில்
பழவேற்காட்டு நண்டுக் கூடை.
கால்களைக் கட்டிப் போட்டிருந்தார்கள்.
நுரை விட்டுக்கொண்டே என்னைப் பார்த்தன.
மறு புதன் கேட்டேன்:
கட்டிய நண்டுக்கு எது?
மொரிவாகி சான் தலையைச் சாய்த்தார்.
பல்லிடுக்கில் காற்றை இழுத்தார்,
இல்லை என்று சொல்லப் பழகாதவர்கள்
இழுக்கிற காற்று.
வெகுநேரம் கழித்து,
விலை கேட்கிறீர்கள் என்றால் அரிமாஸ், என்றார்.

சிரீஷா பேனாவை மூடினாள்.
தொரவாரிசத்திரத்துக்காரி.
எங்கள் பேச்சில், என்றாள்,
அண்ணன் இருந்தால் உன்னாடு.
நான் இருந்தால் உந்தி.
கட்டில் இருந்தாலும் உந்தி.
கூடையில் நண்டு இருந்தாலும் உந்தி.
இந்த ஜப்பான்காரன் ஒருத்தன்தான்
என்னைக் கட்டிலிலிருந்து பிரித்து எழுதியிருக்கிறான்.

தமிழில் அப்படி இல்லை என்று
வாயெடுத்தேன்.
இருக்கிறாள் என்று ஒரு சொல் இருக்கிறது, பெரிய சொல்.
ஆனால் போன தை மாதம்
சித்தப்பா போனில் யாரிடமோ பேசியது
அடுப்படிக்குக் கேட்டது:
நம்ம வீட்ல ஒரு பொண்ணு இருக்கு.
நிறம் சுமார்.
கம்பெனி வேலை இருக்கு.
ரெண்டுக்கும் ஒரே இருக்கு.

நோட்டில் பத்து முறை எழுதினேன்,
ஒன்ன நொ ஹிதொ கா இமாஸ்.
பெண் ஒருத்தி இருக்கிறாள்.
ஏழாவது வரியில் பஸ் குலுங்கி
இமாஸ் நோட்டைவிட்டு வெளியே போய்விட்டது.
மணிக்கட்டில் இன்னும் அந்த நீலக் கோடு.

இன்று காலை லைனில்
சூப்பர்வைசர் பரந்தாமன் தலையை எண்ணி
வாக்கிடாக்கியில் சொன்னார்:
மூணாம் லைன், ஏழு பொண்ணு இருக்கு.
பின்னாலிருந்து சிரீஷா
மெதுவாக, முகமூடிக்குள்:
இமாஸ்.
என்ன?
இமாஸ், சார்.
மாஸ்க் கேட்கிறாள் என்று நினைத்து
பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து நீட்டினார்.
வாங்கிக்கொண்டாள்.
பெல்ட் ஓட ஆரம்பித்தது.